குமுளியில் வாங்கிய சங்கு

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் என் கணவரும் பழைய சாமான் கடைகளுக்குக் கிளம்பிவிடுவோம். பாலக்காடு ஜில்லாவில் இருக்கும் எங்கள் பெருமாட்டியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இதை ஒரு வியாதி என்றுதான் நினைக்கிறார்கள். "வெளக்குமாறு வாங்கோணும்னாக்கூட பழைய கடைக்குத்தான் போவாங்களாட்ட இருக்குது" என்று பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

இதைத் தொடங்கிவைத்தவர் என் கணவர். மாட்டுக் கொட்டகைக்கு இரும்புக் கேட் ஒன்று தேவைப்பட்டது. கொல்லங்கோட்டில் இடித்த வீடுகளின் சாமான்களை வாங்கி விற்கும் கடை இருக்கிறது, அங்கே கனமான பழைய கேட் கிடைக்கும் என்றார். எனக்குப் பிடிக்கவேயில்லை. நான் வளர்ந்தது குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில். அங்கே எங்களுக்கு வந்த எல்லாமே யாரோ வைத்திருந்து கொடுத்தவை. மேனேஜர் பங்களா ஜன்னலில் தொங்கிய திரைச்சீலைதான் எனக்குப் பாவாடை. பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட துணி. வகுப்பில் எல்லோருக்கும் அது ஜன்னல் துணி என்று தெரியும். சம்பாதிக்கத் தொடங்கியபோது, இனிமேல் கடையில் அட்டை பிரிக்காத சாமானைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று முடிவுகட்டியிருந்தேன். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்த முதல் மாசமே புது பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வீட்டு வாசலில் போட்டேன்.

ஆனாலும் அன்று கூடப் போனேன். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கதவுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. டீக்கடையில் வெந்நீர் கொதிக்கும் சமாவர், ஆஸ்பத்திரிக் கட்டில், கை உடைந்த நாற்காலிகள், யாருடைய வீட்டிலோ மாடிக்கு ஏறிய மரப்படி. என் கணவர் கேட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பொழுதுபோகாமல் ஒரு பெட்டியின் முன்னால் நின்றேன். ஏதோ வைத்தியசாலையில் இருந்த மருந்துப் பெட்டி. உள்ளங்கை அகலத்துக்கு வரிசை வரிசையாக இழுப்பறைகள். ஒன்றை இழுத்தேன், சுக்கு வாசனை வந்தது. அடுத்ததில் வசம்பு. அதற்கடுத்ததில் பெயர் தெரியாத ஏதோ கசப்பு, மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. எல்லா இழுப்பறைகளையும் இழுத்து மோந்து பார்த்து முடித்தபோது என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட் வேண்டாமா?" என்றேன்.

"அதை அப்பவே பேசி முடிச்சுட்டேன் புள்ள. உனக்காகத்தான் நிக்கறேன்" என்றார்.

அந்த மருந்துப் பெட்டி இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு சனிக்கிழமை வந்தால் நான்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது.

கடைகளில் நாங்கள் இருவரும் இரண்டு விதம். அவர் இரும்பைக் கண்டால் நிற்பார். தட்டுவார், சுரண்டுவார், எடையைக் கையில் நிறுத்துப் பார்ப்பார். என்ன வேலைக்கு ஆகும் என்று யோசித்து, ஆகாது என்று தெரிந்தால் வைத்துவிடுவார். நான் எதற்கென்றே தெரியாத சாமானைத் தேடுவேன். கடைக்காரருக்கும் அது என்னவென்று தெரியாவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம். பேரம் பேச எனக்கு வராது. பிடித்துவிட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் விலை கேட்கும்போது என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிடுவார். ரோட்டோரம் நின்று, ஊருக்குத் தெற்கே நீளும் தென்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலமென்றால் மலையில் வெள்ளைக் கோடுகளாக அருவி இறங்கும்.

அவர் தென்னையும் காய்கறியும் வைத்திருக்கும் விவசாயி. மழைக்கு ஒரு போகம் கடலைக்காய் போடுவார். அந்தக் கடலைக்காய்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. விதைத்து முளை விடும்போதே மயில்கள் வந்துவிடும். கூட்டமாக இறங்கி, வரிசை தப்பாமல் கொத்திக்கொண்டே போகும். பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தோம். மினுமினுக்கும் டேப்பைக் கட்டிப் பார்த்தோம். தகர டின்னைத் தட்டிப் பார்த்தோம். நாலு நாள் பயந்தமாதிரி இருக்கும். அஞ்சாம் நாள் சேலைமேலேயே உட்கார்ந்திருக்கும். மயிலைக் கல்லெடுத்து எறிய மனசும் வராது, சட்டமும் விடாது.

ஒரு மே மாத விடுமுறையில் அம்மாவைப் பார்க்கக் குமுளிக்குப் போனோம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவள். குமுளியில் என் தம்பியோடு இருக்கிறாள். தம்பி சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டுப் பேசித் தூங்கிவிட்டுத் திரும்புகிற நாள், கம்பம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். ஏலக்காய்க் கடைகளுக்கும் மிளகுக் கடைகளுக்கும் நடுவில் ஒரு பழைய சாமான் கடை. முன்பக்கம் வெளியூர்க்காரர்களுக்காகத் துடைத்துப் பளபளவென்று வைத்த பித்தளை விளக்குகள். எங்களுக்கு அதில் அக்கறையில்லை. "பின்னால ஏதாவது கிடக்குதாங்க?" என்று என் கணவர் கேட்டார். கடையை நடத்திய அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சும்மா துருவாணு. பார்க்கணும்னா பாருங்க" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொல்லிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

பின்முற்றத்தில் சாக்குகளுக்கு அடியில் அது கிடந்தது. இரும்பில், கோழிக்கூடை அளவுக்கு உருண்டையான உடம்பு. ஒரு பக்கம் வாய் அகன்ற குழல். இன்னொரு பக்கம் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி.

எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. எஸ்டேட்டில் எங்கள் நாளை நடத்தியது பேக்டரிச் சங்குதான். இருட்டு விலகுமுன் ஒரு சங்கு, அதற்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். மதியம் ஒரு சங்கு, சாயங்காலம் ஒரு சங்கு. அது கரண்டில் ஊதுவது. கரண்ட் போன நாட்களில் பேக்டரி வாசலுக்கு இந்தக் கைச்சங்கைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்து ஒரு ஆள் சுற்றுவார். மழை, காற்று, மரம் விழுந்து கம்பி அறுந்தது என்று எது நடந்தாலும் சங்கு மட்டும் நிற்காது. என் அம்மா அடுப்பிலிருந்து டீயை இறக்கி ஊற்றும்போதுதான் அது எப்போதும் ஊதும். ஒரு வாய் குடித்து, மீதியை எனக்கு வைத்துவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

அதைச் சொன்னேன். என் கணவர் குனிந்து கைப்பிடியைப் பிடித்து மெதுவாக அசைத்தார். துருப்பிடித்த முனகல் ஒன்று உள்ளிருந்து வந்தது. கடைக்கார அம்மாள் வாசல்படியில் நின்றபடி சிரித்தார். எடுத்துக்கொண்டு போனால் உபகாரம், மூலையில் கிடந்து இடத்தை அடைக்கிறது என்றார். என் கணவர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மயிலுக்கு" என்றார்.

அன்றைக்கு என்னை வெளியே போகச் சொல்லவேயில்லை. அவர் முகம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது.

சாக்கில் சுற்றிக் கயிறு கட்டித் தூக்கினோம். மலை இறங்கிக் கம்பம், அங்கிருந்து பழனி, பழனியிலிருந்து பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தோம். ஒவ்வொரு கண்டக்டரும் உள்ளே என்ன என்று கேட்டார். "சங்குங்க" என்பார் இவர். கோயிலுக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்து ஒருவர் பயபக்தியோடு முன்சீட்டுக்குக் கீழே இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

பொள்ளாச்சி பஸ்ஸில்தான் வம்பு வந்தது. சங்கை எங்கள் காலடியில் வைத்திருந்தோம். பக்கத்து சீட்டில் மடியில் பலாப்பழத்தோடு ஒரு பெரியவர். சாக்கு ஓரத்தில் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. நான் தூங்கிவிட்டேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பெரியவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் வேகமாகச் சுற்றினார். காலடியில் ஏதோ முனகி, அந்த முனகல் ஏறி ஏறி ஒரு ஊளையாகி பஸ் முழுக்க நிறைந்தது. நான் திடுக்கிட்டு எழுந்தபோது டிரைவர் வண்டியை இடது ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரியும் ஒதுங்கியது. அதற்குப் பின்னால் இரண்டு காரும் ஒதுங்கின. எல்லோரும் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், தலையை நீட்டிப் பார்த்தார். சத்தம் தேய்ந்து தேய்ந்து சாக்குக்குள் அடங்கியது.

பெரியவர் பலாப்பழத்தை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் வந்து சாக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பெரியவரையும் பார்த்தார். "இன்னொருக்கா சுத்துனீங்கன்னா வண்டி நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்" என்றார். முதலில் பின்சீட்டில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பஸ்ஸே சிரித்தது. டிரைவர் சிரித்து முடித்துத்தான் வண்டியை எடுத்தார். பொள்ளாச்சியில் இறங்கும்போது பெரியவர் வெட்கத்தோடு சங்கின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் கணவர் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு எடுத்தார். கிரீஸ் வைத்தார். பச்சை பெயின்ட் அடித்தார். மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒரு கல்தூணில் போல்ட் போட்டு முடுக்கினார். அதற்குள் ஆனி மழை பெய்து, கடலைக்காய் விதைத்து, முளையும் விட்டிருந்தது. காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம். மயில்கள் வழக்கம்போல வேலி தாண்டி இறங்கின.

"இப்பப் பாரு" என்று சொல்லிச் சுற்றினார்.

அந்த ஊளை தென்னந்தோப்புகளைத் தாண்டிப் போனது. எனக்கு ஒரு நொடி செருப்பில்லாமல் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும்போல இருந்தது. சத்தம் அடங்கியது. மயில்கள் அப்படியே நின்றன. கழுத்தை நீட்டின. பிறகு ஒன்று வாயைத் திறந்து பதிலுக்கு அகவியது. அதைக் கேட்டு அடுத்தது அகவியது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து, வாய்க்காலுக்கு அப்பாலிருந்து, எங்கெங்கோ இருந்தெல்லாம் பதில் வந்தது. அத்தனை மயில்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் விடாமல் மறுபடி சுற்றினார். அவை மறுபடி பாடின. வயலின் நடுவில் ஒரு ஆண் மயில் தோகையை விரித்துச் சங்கின் பக்கமாகத் திரும்பி நின்று, முழுதாக ஆட ஆரம்பித்துவிட்டது.

நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் ஊரே ஓடி வந்தது. நார் மில்லில் தீப்பிடித்துவிட்டதா, அணையைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் மண்வெட்டியோடும் குடத்தோடும் வந்து நின்றார்கள். அடுத்த தோட்டத்துப் பெரியவர் மூச்சு வாங்க வந்து, "யாருக்குங்க சங்கு?" என்று கேட்டார். என் கணவர் கைப்பிடியை விட்டுவிட்டு, "மயிலுக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர் ஆடிக்கொண்டிருந்த மயிலைப் பார்த்தார். "அதுக்குப் புடிச்சிருக்குதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கடலைக்காய் அந்த வருசமும் மயிலுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.

ஆனால் சங்கு வீணாகவில்லை. களை வெட்ட வந்த பெண்கள் டீ நேரத்தில் அதை ஊதச் சொன்னார்கள். வயல் கோடியிலிருந்து பார்த்தால் டீ வந்ததா இல்லையா என்று தெரியவில்லை, வந்து வந்து பார்த்து ஏமாந்து போகிறோம் என்றார்கள். அதனால் டீத்தூக்கு மோட்டார் ரூமுக்கு வந்ததும் இவர் ஒரு சின்ன சுற்று சுற்றுவார். பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வருவார்கள். குடித்து முடித்து ஆறின பிறகு, வேலைக்குப் போக இன்னொரு சுற்று. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் எங்கள் சங்குக்கு டீ குடிக்கப் பழகிக்கொண்டார்கள். மயில்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லும்.

ஆடி மாசம் அம்மா எங்களோடு சில நாள் இருக்க வந்தாள். வருகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு மனசில் ஒரு நெருடல். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஓடினவள். இங்கே வந்தும் அதையே கேட்க வேண்டுமா என்று தோன்றியது. என் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அத்தை இருக்கிறவரைக்கும் சாக்குப் போட்டு மூடிவிடலாம், டீக்குக் கூப்பிட நான் போய்ச் சொல்கிறேன் என்றார். மூடியும் வைத்தார்.

அம்மாவை ஏமாற்றுவது அத்தனை சுலபமில்லை. வந்த மறுநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவள் மோட்டார் ரூம் பக்கம் நின்றுவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். சாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம பேக்டரி கைச்சங்கு மாதிரில்ல இருக்கு" என்றாள்.

குமுளியில் ஒரு பழைய கடையில் கிடந்தது, நம் எஸ்டேட்டுடையதா வேறு எஸ்டேட்டுடையதா தெரியாது என்றேன். மயில் கதையைச் சொன்னேன். பஸ் கதையையும் சொன்னேன். அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குழலுக்குள் எட்டிப் பார்த்தாள். கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நாற்பது வருசத்துக்குப் பக்கமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவள், சத்தம் வந்த சாமானை இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. பேக்டரி வாசலில் அதைச் சுற்றுகிற ஆளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று பின்னால் ஒரு நாள் சொன்னாள்.

அப்போது என் கணவர் டீத்தூக்கோடு வந்துவிட்டார். சாக்கு விலகியிருந்ததைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மாப்பிள்ளை, இதை இப்ப யாரு ஊதுறது?" என்று அம்மா கேட்டாள்.

"நான்தானுங்க அத்தை. டீக்கு மட்டுந்தான். வேண்டாம்னா எடுத்துப்போடறனுங்க."

"எடுக்க வேணாம். நான் ஊதட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து டீத்தூக்கை வாங்கிக்கொண்டேன். அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள். முதல் சுற்று கனமாக இருந்தது, தோள் வரை ஆடியது. இரண்டாவது சுற்றில் முனகல் எழுந்தது. கொழுந்து பறித்த கை. பிடி கிடைத்ததும் விடவில்லை. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, என் கணவர் ஊதுகிற டீச் சங்கைப்போல நாலு மடங்கு போனது. மயில்கள் எல்லாம் கத்தின. பக்கத்துத் தோட்டத்தில் நாய்கள் குரைத்தன. அம்மா வாய் திறந்து சிரித்துக்கொண்டே சுற்றினாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததேயில்லை. சின்னப் பிள்ளை ராட்டினத்தில் சுற்றும்போது சிரிப்பதைப்போல.

களை வெட்டும் பெண்கள் பயந்துபோய் ஓடி வந்தார்கள். அம்மா கைப்பிடியை விட்டு மூச்சு வாங்கினாள்.

"வாங்க தாயி, வாங்க. எல்லாரும் உக்காருங்க" என்றாள். "எத்தனை வருசம் இது என்னையக் கூப்பிட்டுச்சு. இன்னைக்கு நான் கூப்பிடுறேன்."

டீயை அவளே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, வாய்க்கால் மேட்டில் அவர்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். எந்த எஸ்டேட், எந்த மலை, எத்தனை கிலோ எடுப்பீர்கள், அட்டை கடிக்குமா என்று பெண்கள் கேட்டார்கள். அட்டைக்குச் சுண்ணாம்பு எப்படித் தடவுவது என்று அம்மா சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செய்து காட்டினாள். பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட வேண்டும், மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் சூரியனைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், கடைசியில் தயங்கித் தயங்கி, வேலைக்குப் போக ஒரு சுற்று சுத்திவிடுங்க அத்தை என்றார்.

அம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"அது என்னால ஆகாது மாப்பிள்ளை. டீக்கு எத்தனை தடவை வேணும்னாலும் ஊதுறேன். வேலைக்குன்னு ஊத மாட்டேன்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தது அவர்தான். பெண்கள் சிரித்துக்கொண்டே, நாங்களே எழுந்து போகிறோம் அம்மா என்று சொல்லி எழுந்தார்கள். அம்மா இருந்த நாளெல்லாம் அப்படித்தான் நடந்தது. டீச் சங்கு ஊதும். வேலைச் சங்கு ஊதாது. பெண்கள் பேசி முடிந்தபோது எழுந்து போவார்கள். களை எப்படியோ வெட்டி முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மாவையும் கொல்லங்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டில் இருக்கிற சாமான்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று அவளே கேட்டாள். கடைக்காரருக்கு எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் குஷி. அம்மாவுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. என் கணவர் ஒரு பக்கம் இரும்பைத் தட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு பக்கம் எதற்கென்று தெரியாத ஒரு மரச்சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் அலமாரிகளுக்கு நடுவில் தனியாகப் போய்விட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்ல வெண்கலப் பானை ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள். இட்லிக் கொப்பரையைக் காட்டினார். குமுளியில் மருமகளிடம் இருக்கிறது என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு பீங்கான் வாத்து. முழு வெள்ளை, நிஜ வாத்து உயரம், கழுத்தில் நீல ரிப்பன் வரைந்திருந்தது. மூக்கு நுனி உடைந்திருந்தது.

"அது மூக்குப் போனதும்மா" என்றார் கடைக்காரர். "வேற நல்லதாத் தர்றேன்."

"இருக்கட்டும். எனக்குந்தான் ரெண்டு பல்லு இல்ல" என்றாள் அம்மா.

என் கணவர் பழக்கத்தில் அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம். எதையும் போட்டு வைக்க வழியில்லை, திறப்பும் இல்லை. நான், இதை எதுக்கும்மா, என்ன செய்யப் போற என்று கேட்டேன்.

"எதுக்கும் இல்ல" என்றாள். "அழகா இருக்கு."

நான் வெளியே போய் நின்றேன். அன்றைக்கு என்னோடு அம்மாவும் வெளியே வந்து நின்றாள். அவள் முகத்தையும் கடைக்காரர் பார்க்கக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். மலையில் அருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா ஒவ்வொரு நிமிஷமும் திரும்பிக் கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் வாத்தைக் காகிதத்தில் சுற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வாத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்தார். மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அம்மாவின் மடியில் இருந்த வாத்தைப் பார்த்தார்.

"அம்மே, தாராவுக்கு டிக்கெட் வேண்டாமோ?" என்றார்.

"வேணும் சாரே. அரை டிக்கெட்" என்றாள் அம்மா, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே பின்சீட்டுக்குப் போனார். பஸ் நகர்ந்தது. காற்று வந்தது. அம்மா வாத்தின் முகத்தை ரோட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்து, அதன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.